பதினெட்டு வருஷம் கழிச்சு திரும்ப பைக்: பெரிய டூரிங் பைக்கை எதைப் பாத்து எடுக்கணும்?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். வயசு 52, முன்னாடி பன்னெண்டு வருஷம் 350 சிசி பைக் ஓட்டியிருக்கீங்க, குழந்தைங்க பொறந்ததும் வித்துட்டீங்க, இப்ப பதினெட்டு வருஷம் கழிச்சு மனைவியைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு நாள்கணக்குல ஊர் சுத்துற மாதிரி ஒரு பெரிய பைக் வேணும், உயரம் 168 செ.மீ., இடது முட்டி அப்பப்ப வலிக்குது. ஹோண்டா கோல்ட் விங்கா, பிஎம்டபிள்யூ ஆர்டியா, அதே கம்பெனியோட ஜிஎஸ் மாதிரி உயரமான அட்வென்சர் பைக்கா, இல்ல சின்னதா ஒண்ணு எடுத்துப் பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போகணுமான்னு கேக்குறீங்க. ஆனா கடைசி வரியில "இவ்ளோ எடையை என்னால தாங்க முடியுமான்னுதான் யோசனையா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நீங்க உண்மையில கேக்குறது அதுதான்னு நினைக்குறேன். அதுக்கு பதில் கிடைச்சா மாடல் பேரு தானா வந்துரும்.

நான் 22 வருஷமா பைக் ஓட்டக் கத்துக்குடுக்குறேன், அதுல நிறைய பேர் உங்களை மாதிரி இடைவெளி விட்டுத் திரும்ப வர்றவங்க. நானே ஒன்பது வருஷம் ஓட்டாம இருந்து திரும்புனவன்தான், அதனால அந்த ஆசையும் பயமும் உள்ளுக்குள்ள எப்படி மல்லுக்கட்டும்னு நல்லாவே தெரியும். இத்தனை வருஷம் பாத்ததுல ஒண்ணை அடிச்சு சொல்லுவேன். பெரிய டூரிங் பைக் ஹைவேயில யாரையும் கஷ்டப்படுத்தாது, 90ல போனாலும் 110ல போனாலும் ரயில் மாதிரி நேரா போகும், சின்ன பைக்கை விட அதுதான் அங்க சுகம். அது கஷ்டப்படுத்துறதெல்லாம் நடக்குற வேகத்துல. பெட்ரோல் போட்டுட்டுத் திரும்புறப்ப, சரிவுல நிறுத்துறப்ப, ரோட்டோரம் ஜல்லியில கால் ஊனுறப்ப, நிறுத்தின இடத்துல இருந்து பின்னாடி தள்ளி எடுக்குறப்ப. அதனால 10 கி.மீ. வேகத்துக்குக் கீழ அந்த பைக் உங்க கைக்கு அடங்குதான்னு பாத்துத்தான் எடுக்கணும், மத்ததெல்லாம் அதுக்கு அடுத்துதான். பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா பண்றாங்க, குதிரைத்திறனையும் ஸ்கிரீனையும் ஸ்பீக்கரையும் பாத்து எடுத்துட்டு, வீட்டு வாசல்ல முதல் தடவை திருப்புறப்பதான் எடை ஞாபகம் வருது.

எடைன்னு சொல்றப்ப வெறும் கிலோவை மட்டும் பாக்காதீங்க, அந்த எடை எவ்ளோ உயரத்துல இருக்குங்கறதும் சேர்ந்ததுதான் கணக்கு. ஒரு 280 கிலோ பைக்கோட எடை மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துல இருக்குன்னு வச்சுக்கோங்க. நின்ன இடத்துல பைக் பக்கவாட்டுல சாயுறப்ப அதைக் கீழ இழுக்குற விசை இந்த 280ஐயும் அரை மீட்டரையும் பெருக்குனா வர்ற 140ஐப் பொறுத்தது. இப்ப 65 கிலோ எடையுள்ள ஒருத்தர் பின்னாடி ஏறி உட்கார்றாங்க, அவங்க எடை கிட்டத்தட்ட 1.1 மீட்டர் உயரத்துல இருக்கும், பெருக்கிப் பாத்தா 71 சொச்சம். அதாவது கிலோவுல பாத்தா நாலுல ஒரு பங்கு கூட இல்லாதவங்க, சாயுறப்ப பாதி பைக்கோட பாரத்தைக் கூட்டிடுறாங்க. பின்னாடி ஆள் இருக்குறப்ப சிக்னல்ல நிக்குறது ஏன் திடீர்னு அவ்ளோ கனமா தெரியுதுன்னு கேக்குறவங்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் மண்ணுல குச்சி வச்சு எழுதிக் காட்டுவேன். சாயுற கோணமும் சேந்துக்கும், அஞ்சு டிகிரியில தொடையால தாங்கிடலாம், இருபது டிகிரி தாண்டுனா அந்த எடையை எந்த ஆளும் பிடிக்க முடியாது, பயில்வானா இருந்தாலும் சரி. அதனால பலம் இருக்கான்னு கவலைப்படுறதை விட, சாயவே விடாம பாத்துக்குற பைக்கும் பழக்கமும் இருக்கான்னு பாக்குறதுதான் சரி.

இந்தக் கண்ணோட நீங்க சொன்ன பைக்குகளைப் பாப்போம். கோல்ட் விங் டூர் 380 கிலோ கிட்ட வரும், கேட்டாலே பயமா இருக்கும், ஆனா சீட் உயரம் 745 மி.மீ. தான், எஞ்சினோட ஆறு சிலிண்டரும் இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணுன்னு படுத்த மாதிரி இருக்கறதால எடை கீழ உட்கார்ந்திருக்கும். 168 செ.மீ. ஆளுக்கு ரெண்டு பாதமும் பெரும்பாலும் தட்டையா பதியும். ஆர் 1250 ஆர்டி எல்லாம் ஊத்தி 279 கிலோ, சீட் 805, இல்லன்னா 825க்கு மாத்திக்கலாம், அதுலயும் சிலிண்டர் பக்கத்துக்கு ஒண்ணா படுத்திருக்குற பாக்ஸர் எஞ்சின், எடை கீழதான். ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ, ஆர்டியை விட 30 கிலோ கம்மி, ஆனா சீட் 850, இல்லன்னா 870. எண்ணைப் பாத்தா ஜிஎஸ் லேசானது, நின்ன இடத்துல உங்க உயரத்துக்கு ஆர்டியை விட ஜிஎஸ்தான் பயமுறுத்தும், ஏன்னா நுனிவிரல்ல நிக்குறப்ப தரை ரெண்டு இன்ச் பள்ளமா இருந்தாலே கால் காத்துல இருக்கும். ஹோண்டா என்டி1100 மேனுவல் 238 கிலோ, சீட் 820. யமஹா ட்ரேசர் 9 ஜிடி 2021 மாடல்ல 220 கிலோ கிட்ட, சீட் 810, 825ன்னு ரெண்டு நிலை. இதெல்லாம் கம்பெனி குடுக்குற எண்ணு, வருஷத்துக்கு வருஷம் நாலஞ்சு கிலோ மாறும், பெட்டி மாட்டுனா இன்னும் கூடும்.

சீட் உயரத்தையும் அப்படியே நம்பிடாதீங்க. சீட்டோட முன்பக்கம் அகலமா இருந்தா தொடை வெளிய விரியும், கால் தரைக்கு வர்ற தூரம் கூடிடும், 820 மி.மீ. குறுகலான சீட்டுல எட்டுற கால் 800 மி.மீ. அகலமான சீட்டுல எட்டாமப் போகலாம். அதனால வழக்கமா ஓட்டப்போற பூட்ஸைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து பாருங்க, சாதா செருப்போட போய் உட்கார்ந்துட்டு வராதீங்க. உட்கார்றது மட்டும் பத்தாது. இறங்கி நின்னு, சைடு ஸ்டாண்டை எடுத்துட்டு, பைக்கை இடுப்புல சாய்ச்சு வச்சுக்கிட்டு பத்தடி முன்னாடியும் பத்தடி பின்னாடியும் தள்ளிப் பாருங்க, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் தள்ளுங்க. அப்புறம் திரும்ப ஏறி உட்கார்ந்து காலால தள்ளி பின்னாடி நகத்துங்க. இது மூணையும் மூச்சு வாங்காம செய்ய முடியலன்னா அந்த பைக் இப்போதைக்கு வேணாம். கோல்ட் விங்ல 1988ல 1500 சிசி வந்ததுல இருந்தே ரிவர்ஸ் வசதி இருக்கு, பிஎம்டபிள்யூ கே 1600லயும் ரிவர்ஸ் உதவி இருக்கு, அது ஆடம்பரம் இல்ல, சரிவுல மூக்கைக் கீழ வச்சு நிறுத்திட்டு வெளிய எடுக்க முடியாம நிக்குறப்ப தெரியும் அதோட அருமை.

கீழ விழுறது எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை பக்கத்துல இருந்து பாத்ததை சொல்றேன். உங்க வயசுதான் அவருக்கு, முன்னாடி நல்லா ஓட்டுனவர், பயிற்சிக்கு 270 கிலோ பைக்கோட வந்தாரு. யூ-டர்ன் எடுக்கச் சொன்னேன். ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சுட்டாரு, வேகம் ஒரு ஆறு ஏழு கி.மீ. இருக்கும், கண்ணு முன் சக்கரத்துக்கு ரெண்டடி முன்னாடி தரையைப் பாக்குது, கிளட்சை முழுசா அழுத்திட்டாரு, எஞ்சின் இழுவை போயிருச்சு, பைக் உள்பக்கம் சாய ஆரம்பிச்சதும் பயத்துல வலது கை ரெண்டு விரல் முன் பிரேக்கைப் பிடிச்சுருச்சு. அவ்ளோதான். ஹேண்டில் ஒடிஞ்சிருக்குறப்ப முன் பிரேக் பிடிச்சா பைக் நிக்கிற அந்த நொடியிலயே மொத்த எடையும் ஒடிஞ்ச பக்கம் சரியும், தூக்கி நிறுத்த சக்கரம் உருளவும் செய்யாது. அவரு இடது காலை ஊனிப் பிடிக்கப் பாத்தாரு, நான் "விடுங்க விடுங்க"ன்னு கத்துனேன், நல்லவேளை விட்டுட்டு நகந்துட்டாரு. பைக்குக்கு கிராஷ் கார்டுல ஒரு கீறல். பிடிச்சுக்கிட்டே இருந்திருந்தா முட்டி ஜவ்வு போயிருக்கும், உங்க இடது முட்டியை நினைச்சுத்தான் இதை இவ்ளோ நீட்டி எழுதுறேன். விழற பைக்கைத் தாங்காதீங்க, அது இரும்பு, மாத்திக்கலாம்.

அவருக்கு அன்னைக்கே சரியாயிடுச்சு. பாதி கிளட்ச்ல எஞ்சின் இழுக்கிறது தெரியுற இடத்துல கையை நிறுத்தணும், த்ராட்டில் லேசா ஒரே சீரா திறந்திருக்கணும், வேகத்தைக் குறைக்குறதுக்கு கால் பிரேக்கை மட்டும் மெதுவா தேய்க்கணும், கண்ணு எங்க போய்ச் சேரணுமோ அங்க இருக்கணும், தாடையை தோள்பட்டைக்கு மேல திருப்புற அளவுக்கு. ஒரு மணி நேரத்துல அதே பைக்கை ரெண்டு கார் நிறுத்துற அகலத்துல திருப்புனாரு. நான் சொல்ல வர்றது, எடையைத் தாங்குறது கிளட்ச் கை, கால் பிரேக், கண்ணு இந்த மூணும்தான், தோள் பலத்துக்கு அதுல பெருசா வேலையே இல்ல. அதே மாதிரி விழுந்த பைக்கைத் தூக்குறதும் முறை தெரிஞ்சா 280 கிலோ வரைக்கும் ஒருத்தரால முடியும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, கியர்ல போட்டுட்டு, வலது பக்கம் விழுந்திருந்தா முதல்லயே சைடு ஸ்டாண்டை இறக்கி வச்சுட்டு, பைக்குக்கு முதுகைக் காட்டி சீட் ஓரத்துல பின்பக்கத்தை வச்சு, ஹேண்டிலைத் தரைப்பக்கமா முழுசா ஒடிச்சு அந்தக் கைப்பிடியை ஒரு கையிலயும் பின்னாடி கம்பியை இன்னொரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, முதுகை வளைக்காம கால் பலத்துல சின்னச் சின்ன அடியா பின்னாடி நடக்கணும். முட்டி வலி இருக்குறவங்க இதைத் தனியா முயற்சி பண்ண வேணாம், ஆள் வர்ற வரைக்கும் காத்திருங்க.

அடுத்தது, சின்னதா ஆரம்பிக்கணுமான்னு கேட்டது. இதுல அனுபவசாலிங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, அதனால இனி சொல்றது என்னோட அபிப்பிராயம்னு எடுத்துக்கோங்க. சிசியைப் பாத்து படி ஏறுற மாதிரி 400, 650, 1000ன்னு போகணும்ங்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, 1800 சிசி கோல்ட் விங்கோட த்ராட்டில் வெண்ணெய் மாதிரி இருக்கும், அதே நேரம் 900 சிசி ஸ்போர்ட்ஸ் டூரர் ஒண்ணு ஸ்போர்ட் மோடுல கொஞ்சம் திருகுனாலே பாயும். ஆனா எடையில படி ஏறணும்ங்கறதுல நம்பிக்கை இருக்கு. 210ல இருந்து 240 கிலோவுக்குள்ள ஒரு பைக்ல ஒரு பருவம் ஓட்டிட்டு வர்றவங்க, பெரிய பைக்குக்கு மாறுறப்ப அலட்டிக்காம மாறுறாங்க. நேரா 380 கிலோவுக்குப் போனவங்கள்ல சில பேர் ரெண்டு மூணு தடவை நின்ன இடத்துல சாய்ச்சுட்டு, ஓட்டவே கூச்சப்பட்டு மூடி போட்டு மூடி வச்சுட்டாங்க. அதைப் பாக்குறப்ப மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும், பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்குன சந்தோஷம் மூடிக்குள்ள கிடக்கும். நேரா பெருசுக்குப் போய் நல்லா ஓட்டுறவங்களும் இருக்காங்க, அவங்க எல்லாரும் முதல் மாசமே காலி மைதானத்துல எட்டு போட்டுப் பழகுனவங்க.

திரும்ப வர்றவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு, இதைக் கவனமா கேளுங்க. கிளட்ச், கியர், பாலன்ஸ் எல்லாம் ரெண்டு நாள்ல திரும்பிடும், கை மறக்காது. அதனால எல்லாமே திரும்பிடுச்சுன்னு மனசு நம்பிடும். ஆனா அவசரமா பிரேக் அடிக்கிறது, வளைவுல கண்ணை எங்க வைக்கிறது, அந்தப் பக்கத்து கார்க்காரர் நம்மளைப் பாத்தாரா இல்லையான்னு முகத்தைப் பாத்தே கணிக்கிறது, இதெல்லாம் ரெண்டு நாள்ல திரும்பாது. நீங்க ஓட்டுன காலத்து பைக்ல டிரம் பிரேக்கோ சின்ன டிஸ்க்கோ இருந்திருக்கும், கால் பிரேக்கை மிதிச்சே பழகியிருப்பீங்க. 1981ல அமெரிக்காவுல வந்த ஹர்ட் அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராஞ்சு எழுதுனது. அதுல ரெண்டு விஷயம் இன்னைக்கும் நான் வகுப்புல சொல்றது. இன்னொரு வண்டியோட மோதுன விபத்துகள்ல மூணுல ரெண்டு பங்கு, அந்த வண்டி பைக்குக்கு வழி விடாம குறுக்க வந்ததாலதான் நடந்திருக்கு. அந்த நேரத்துல பைக் ஓட்டுனவங்கள்ல நிறைய பேர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதிச்சு சக்கரத்தை இழுக்க விட்டுட்டு, முன் பிரேக்கைச் சரியா பயன்படுத்தல. ஆய்வு பழசுதான், ஆனா பயந்த கால் அன்னைக்கு செஞ்சதையே இன்னைக்கும் செய்யுறதை நான் மைதானத்துல வாராவாரம் பாக்குறேன்.

அதனால பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் இல்லாத பைக்கை எடுக்கவே எடுக்காதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. பைக்ல ஏபிஎஸ் முதல்ல வந்தது 1988ல, பிஎம்டபிள்யூ கே 100ல. ஐரோப்பாவுல 2016ல இருந்து 125 சிசிக்கு மேல புது மாடல்களுக்குக் கட்டாயமாச்சு. பழைய பைக் பாக்குறீங்கன்னா இந்த வருஷத்தை மனசுல வச்சுக்கோங்க, அதுக்கு முந்தினதுல இருக்கும்னு நினைச்சு வாங்கிடாம பாத்து வாங்குங்க. சாதா ஏபிஎஸ் நேரா போறப்ப காப்பாத்தும், வளைவுல பைக் எவ்ளோ சாஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. சாய்வையும் கணக்குல எடுக்குற கார்னரிங் ஏபிஎஸ் 2013ல கேடிஎம் 1190 அட்வென்சர்ல வந்தது, இப்ப பெரிய டூரிங் பைக் பலதுல இருக்கு. பணம் செலவு பண்றதுன்னா ஸ்பீக்கருக்குப் பதிலா இதுக்குப் பண்ணுங்க. ஆனா ஏபிஎஸ் இருந்தாலும் லீவரை அழுத்த வேண்டியது உங்க கைதான். 50 கி.மீ. வேகத்துல இருந்து, முன் பிரேக்கை ஒரேயடியா பிடுங்காம முதல்ல லேசா அழுத்தி முன்பக்கம் இறங்குனதும் பலமா அழுத்தி நிறுத்துறதை, ஒவ்வொரு தடவை போறப்பவும் பத்து தடவை பண்ணுங்க. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும், இது எந்த பைக்குக்கும் மாறாது.

முட்டிக்கு வருவோம். உங்க முட்டியில என்ன பிரச்சனைன்னு டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்ல முடிஞ்சது பைக் பக்கம் மட்டும்தான். சீட்டுக்கும் கால் வைக்குற கம்பிக்கும் (ஃபுட்பெக்) நடுவுல இருக்குற தூரம்தான் முட்டி எவ்ளோ மடங்கும்னு தீர்மானிக்கும். சீட்டைத் தாழ்த்துனா கால் தரைக்கு எட்டும், ஆனா அதே அளவு முட்டி கூடுதலா மடங்கும், தாழ்வான சீட் வாங்குறவங்க இதை மறந்துடுறாங்க. உட்கார்ந்து பாக்குறப்ப அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் தெரியாது, இருபது நிமிஷம் காலைப் பெக்ல வச்சபடி உட்காருங்க, வெக்கப்படாதீங்க, சென்டர் ஸ்டாண்ட் போட்டுத் தரச் சொல்லுங்க. ஹார்லியோட பெரிய டூரிங் பைக் மாதிரி காலை முன்னாடி நீட்டி பலகையில வைக்கிறதுல முட்டிக்கு நிம்மதி, ஆனா கால் முன்னாடி இருக்குறப்ப குழி வந்தா பெக்ல எழும்பி உடம்பைத் தூக்க முடியாது, அடி நேரா முதுகெலும்புக்குப் போகும். முட்டியா முதுகான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

இடது முட்டிங்கறதால ஹோண்டாவோட டிசிடிங்கற தானியங்கி கியர் வசதியைப் பத்தியும் சொல்லிடுறேன், கோல்ட் விங்லயும் என்டி1100லயும் கிடைக்கும், கிளட்ச் லீவரும் கிடையாது, காலால கியர் போடவும் வேணாம். எஞ்சின் ஆஃப் ஆகி நின்ன இடத்துல சாய்றதுங்கறது அதுல கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுது, திரும்ப வர்றவங்க சாய்க்குறதுக்குப் பெரிய காரணமே அதுதான். ஆனா மெதுவா திரும்புறப்ப பாதி கிளட்ச்ல விளையாட முடியாது, த்ராட்டிலும் கால் பிரேக்கும் மட்டும்தான், சில பேருக்கு ஒரே நாள்ல பிடிபடும், சில பேருக்கு மாசக்கணக்குல ஒட்டவே ஒட்டாது. இது யாருக்கு ஒத்துவரும்னு முன்கூட்டி கணிக்க என்னால இதுவரைக்கும் முடிஞ்சதில்ல, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாத்துட்டு எடுங்க.

காத்தைப் பத்தி யாரும் வாங்குறப்ப யோசிக்குறதில்ல, ஆனா ஒரு நாளைக்கு 400 கி.மீ. போறவங்களைக் களைக்க வைக்குறது அதுதான். முன்னாடி காத்தைத் தடுக்குற விண்ட்ஸ்கிரீன் பெருசா இருந்தா நல்லதுன்னு இல்ல, மேல் விளிம்புல இருந்து கிளம்புற சுழல் நேரா ஹெல்மெட்ல அடிச்சா தலை ஆடிக்கிட்டே வரும், கழுத்து பிடிச்சுக்கும். ஸ்கிரீனோட விளிம்பு மூக்கு உயரத்துல இருந்து, அதுக்கு மேலயே ரோட்டைப் பாக்குற மாதிரி இருந்தா பெரும்பாலும் சரியா இருக்கும், மழையில ஸ்கிரீன் வழியா பாக்க வேண்டிய அவஸ்தையும் வராது. 100 கி.மீ. வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தமே 95 டெசிபல் தாண்டிடும், சத்தமான தொழிற்சாலைக்குள்ள நிக்குற மாதிரி. காதுல பஞ்சு மாதிரி இருக்குற இயர் பிளக் வச்சுக்கோங்க, சாயங்காலம் இறங்குறப்ப எவ்ளோ தெம்பா இருக்கீங்கன்னு முதல் நாளே தெரியும். பழைய ஹெல்மெட்டைப் பத்திரமா வச்சிருக்கேன்னு எழுதியிருந்தீங்க, தயவுசெஞ்சு அதைப் போடாதீங்க. பதினெட்டு வருஷத்துல உள்ள இருக்குற பசையும் ஸ்பாஞ்சும் பட்டையும் நைஞ்சு போயிருக்கும், தலையில நிக்காம ஆடும். இப்ப இசிஇ 22.06ன்னு ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரம் வந்திருக்கு, அந்த முத்திரை பாத்து வாங்குங்க, ஜாக்கெட் பேன்ட்ல பாதுகாப்புத் தரம் ஏஏன்னோ ஏஏஏன்னோ போட்டிருக்கான்னு பாருங்க.

சுமை விஷயத்துல ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. பைக்ல ஒட்டியிருக்குற விவரத் தட்டுல அனுமதிச்ச மொத்த எடைன்னு இருக்கும், அதுல பைக்கோட எடையைக் கழிச்சா நீங்க ஏத்தலாம்ங்கற அளவு. ஆர் 1250 ஆர்டியில மொத்தம் 505 கிலோ, கழிச்சா 226. நீங்க 80, உடுப்பும் ஹெல்மெட்டும் 10, மனைவியும் அவங்க உடுப்பும் 73, மூணு பெட்டி காலியாவே 15 போயிடும், அதுக்குள்ள சாமான் 25ன்னு வச்சா 203. பரவால்ல. ஆனா சின்ன பைக் சிலதுல 180, 190தான் இருக்கும், அங்க ரெண்டு பேர் ஏறுனதுமே முடிஞ்சுது. கனமானதைப் பக்கப் பெட்டியில அடியில வைங்க, டாப் பாக்ஸ்ல போர்வை மாதிரி லேசானது மட்டும், அது பின் சக்கரத்துக்கும் பின்னாடி தொங்குறதால முன் சக்கரத்தோட எடையைக் குறைச்சு ஹேண்டிலை ஆட வைக்கும். ஆள் ஏறுனதும் பின் ஸ்பிரிங்கோட ஆரம்ப இறுக்கத்தை (ப்ரீலோட்) கூட்டணும், டயர் காத்தையும் புக்ல இருக்குற மாதிரி கூட்டணும். பின் சக்கரத்தைச் சுத்துறது செயினா, இல்ல செயினுக்குப் பதிலா சுழல்ற தண்டா (ஷாஃப்ட்) இருக்கணும்னு கேட்டா, பெட்டியெல்லாம் மாட்டிக்கிட்டு சாயங்காலம் செயினுக்கு ஆயில் விட குனியுறது முட்டி வலிக்காரருக்குத் தேவையில்லாத வேலை, ஷாஃப்ட் கிடைச்சா நல்லது, அதுக்காக மத்தபடி பிடிச்ச பைக்கை விட வேணாம்.

பழசு வாங்குறதா இருந்தா ஒண்ணு மட்டும் சொல்றேன். டூரிங் பைக் நிறைய வெயில் படாம மூடியிலயே கிடந்திருக்கும், கி.மீ. கம்மியா இருக்கும், டயர்ல பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும். பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் பாருங்க, 2316ன்னு இருந்தா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ரப்பர் கல்லாயிருக்கும், மழையில பிடிக்காது, எவ்ளோ பட்டன் இருந்தாலும் ரெண்டையும் மாத்துங்க, விலை பேசுறப்பவே அதைக் கழிச்சுக்கோங்க. பிரேக் ஆயிலையும் மாத்திடுங்க.

இப்ப என்கிட்ட நேரா எதைன்னு கேட்டா, உங்க உயரம், முட்டி, பின்னாடி ஆள் இதெல்லாம் பாத்து ஜிஎஸ்ஸை முதல்ல தள்ளி வைப்பேன். அது அருமையான பைக், உங்க காலுக்கு இல்ல. முதல் வருஷத்துக்கு என்டி1100 மாதிரி 240 கிலோ சுத்து வட்டாரத்துல ஒண்ணு, கால் எட்டுற மாதிரி தாழ்த்துன சீட்டோட, அதை முட்டி ஏத்துக்குதான்னு பாத்துட்டு. அது சரியா வரலன்னா ஆர்டி, அதுல உட்கார்ந்தா மனைவிக்கும் பின்னாடி சோபா மாதிரி இடம். கோல்ட் விங்கை நான் வேணாம்னு சொல்லல, ரெண்டு பாதமும் தரையில பதியுறதும் ரிவர்ஸும் உங்களுக்கு ரொம்பவே ஒத்துவரும், ஆனா 10,000 கி.மீ. ஓட்டுன கையோட அதுகிட்ட போங்க.

மனைவியை எப்ப ஏத்தலாம்னு கேட்டதுக்கு, நான் என்கிட்ட வர்றவங்களுக்கு 1500 கி.மீ. தனியா ஓட்டுன பிறகுன்னு சொல்றேன். இது என் அனுபவத்துல வச்ச எண்ணு, ஆராய்ச்சி முடிவு இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி அவசரப்படாதீங்க, முதல் பயணத்துலயே நின்ன இடத்துல சாஞ்சுட்டா அவங்க திரும்ப ஏற மாட்டாங்க. ஏறுறப்ப நீங்க ரெண்டு காலையும் ஊனி, பைக்கை நேரா நிமித்தி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு "ம், ஏறு"ன்னு சொன்ன பிறகுதான் அவங்க கால் வைக்கணும், இறங்குறதும் அப்படித்தான், சொல்லாம இறங்கவே கூடாது. முதல் நாள் அவங்களை வச்சுக்கிட்டு வேற எங்கயும் போக வேணாம், மைதானத்துல நிறுத்தி கிளம்பி நிறுத்தி கிளம்பி ஒரு அரை மணி நேரம்.

ரெண்டு அளவு எடுத்துப் போடுங்க: பூட்ஸ் போட்டு செவுத்துல முதுகை ஒட்டி நின்னு தொடை இடுக்குல இருந்து தரை வரைக்கும் எத்தனை செ.மீ.ன்னும், நாற்காலியில உட்கார்ந்து இடது முட்டியை வலி ஆரம்பிக்கிற வரைக்கும் மடக்குனா குதிகால் எங்க வருதுன்னும். 168ங்கறது உயரம்தான், கால் நீளம் ஆளுக்கு ஆள் அஞ்சாறு செ.மீ. மாறும், அது தெரிஞ்சா 805 போதுமா 820 தாங்குமான்னு இன்னும் குறிப்பா சொல்றேன்.